பக்கத்து மனையும் நம் மனையும்: வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டும் முன் செய்ய வேண்டியவை

“என் மனை, என் பணம், என் வீடு, இதில் பக்கத்து வீட்டுக்காரருக்கு என்ன வேலை?” என்று கேட்பவர்களுக்கு 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் (தன் சொத்தின் பயனுக்காக அடுத்தவர் நிலத்தின்மேல் ஒருவருக்குள்ள உரிமைகளைப் பற்றியது) தன் 7-ஆம் பிரிவிலேயே பதில் வைத்திருக்கிறது. நகரத்தில் நிலம் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் அதில் கட்டடம் கட்டிக்கொள்ளும் தனியுரிமை உண்டு என்று அந்தப் பிரிவின் முதல் எடுத்துக்காட்டு சொல்கிறது. சொல்லும்போதே உள்ளாட்சிச் சட்டங்களுக்கு உட்பட்டு என்றும் சேர்த்துக்கொள்கிறது. அதே பட்டியலில் சற்றுக் கீழே இறங்கினால், தன் நிலத்துக்கு வரும் காற்று அளவுமீறி மாசுபடாமல் இருப்பதற்கும், பிறர் கிளப்பும் இரைச்சலாலும் அதிர்வாலும் வீட்டில் நிம்மதி கெடாமல் இருப்பதற்கும், தன் மண் அடுத்தவர் தோண்டும் குழிக்குள் சரியாமல் இருப்பதற்கும் உரிமையாளருக்குள்ள உரிமைகள் வரிசையாக வருகின்றன. நாம் கட்டும் உரிமையும், நாம் கட்டும் விதத்தைக் கேள்வி கேட்கும் பக்கத்துக்காரரின் உரிமையும் அங்கே ஒரே தட்டில்தான் வைக்கப்பட்டிருக்கின்றன.

தமிழ்நாட்டின் ஊர்களிலும் நகரங்களிலும் ஐந்தாறு சென்ட்டுக்கு உட்பட்ட மனையில் சொந்த வீடு கட்டப்போகிறவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். அந்த மனைக்குப் பக்கத்தில் ஏற்கெனவே குடியிருப்பவர்களுக்கும் இதில் வேண்டியது இருக்கும். இரண்டு தரப்பு உரிமைகளையும் எடைபோட்டுப் பார்க்க ஏற்ற காலம், மனையில் நான்கு கற்களைத் தவிர வேறொன்றும் எழும்பியிராத காலம்தான் என்பது என் கருத்து. கான்கிரீட் இறுகிய பிறகு பேச்சும் இறுகிவிடுகிறது. நீதிமன்றமும் கட்டி முடித்ததை இடிக்கச் சொல்லத் தயங்குகிறது.

முதலில் எல்லை

கிரயப் பத்திரம், கிடைக்கும்வரை பின்னோக்கி மூலப்பத்திரங்கள், வில்லங்கச் சான்று, பட்டா, புலப்படம் (நிலத்தின் அளவுகளைக் காட்டும் அரசு வரைபடம்) ஆகியவற்றை ஒரே மேசையில் விரித்து வையுங்கள். பட்டாவையும் புலப்படத்தையும் அரசின் இணையச் சேவைத் தளத்திலேயே பார்க்கலாம். பட்டா என்பது வருவாய்த்துறைப் பதிவுதானே தவிர, அதுவே முழு உரிமை மூலம் ஆகிவிடாது என்பதால் பத்திரத்தின் செக்குபந்தியை, அதாவது நான்கு பக்கமும் யார் யாருடைய நிலம் என்று எழுதியிருக்கும் பகுதியை, நிதானமாகப் படியுங்கள். அளவும் செக்குபந்தியும் முரண்பட்டால், தெளிவாகக் குறிக்கப்பட்ட எல்லைகளையே பொதுவாக நீதிமன்றங்கள் ஏற்கின்றன. அந்தப் பகுதியில் “பொது நடைபாதை நீக்கி”, “வண்டிப்பாதை பாத்தியம் உட்பட” என்று ஒரு சொற்றொடர் ஒளிந்திருந்தால், உங்கள் வீட்டு வரைபடத்தின் தலையெழுத்தே அங்கே இருக்கிறது.

பத்திரம் அடியில் பேசும், புலப்படம் மீட்டரில் பேசும். எங்கள் மனைக்குக் கிழமேல் 40 அடி என்று பத்திரத்தில் இருந்தது. புலப்படத்தில் 12 மீட்டர். கணக்குப் போட்டால் 39 அடி 4 அங்குலத்துக்குச் சற்று மேல். மீதி ஏழரை அங்குலம் எங்கே போயிற்று என்று வீட்டில் எல்லோரும் மேற்குப் பக்கத்துக்காரரைத்தான் சந்தேகித்தோம். அளவர் வந்த அன்று சங்கிலியை இழுத்து, நூல் பிடித்து, இரண்டு முனைகளிலிருந்தும் கணக்கிட்டு ஓரிடத்தைக் காட்டினார். அங்கே பழைய அடுப்புச் சாம்பலும் ஓட்டுச் சில்லும் மேடிட்டுக் கிடந்தன. இரண்டு முழம் தோண்டியதும் கடப்பாறை முனை டக்கென்று நின்றது. மண்ணைத் தட்டிப் பார்த்தால் தலையில் அம்புக்குறி செதுக்கிய சர்வே கல். அது நாங்கள் எல்லை என்று நம்பி வந்த கிளுவை வேலிக்கு எங்கள் பக்கமாக ஏழரை அங்குலம் உள்ளே இருந்தது. வேலிதான் அவர் நிலத்துக்குள் போயிருந்தது. மேற்குப் பக்கத்துப் பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “கல்லு இருக்கிற இடத்துல நூலைக் கட்டச் சொல்லுங்க தம்பி” என்று மட்டும் சொன்னார். காம்பவுண்டு சுவர் எழுப்பிய பிறகு இது தெரிந்திருந்தால் அவர் இவ்வளவு சுருக்கமாகப் பேசியிருக்க மாட்டார்.

ஆகவே, அத்து (எல்லை) காட்டக் கோரி நில அளவைக்கு விண்ணப்பியுங்கள். இ-சேவை மையத்திலும் செய்யலாம். அளவர் வரும் நாளைப் பக்கத்துக்காரர்களுக்கு நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள். அளக்கும்போது அவர்கள் நின்று பார்த்திருந்தால், பின்னாளில் அந்த அளவைப் பற்றி எழும் சண்டையில் பாதி அன்றே தீர்ந்துவிடுகிறது. கல் நட்ட பிறகு, கல்லும் அதன் பின்னணியில் நிலையான ஏதாவது ஒரு கட்டடமும் தெரியும்படி படம் எடுத்து, தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். அரசு நில அளவையில் எல்லையைத் தீர்மானித்ததிலேயே பிழை என்று கருதினால், 1923-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நில அளவை மற்றும் எல்லைகள் சட்டப்படி 3 ஆண்டுக்குள் உரிமையியல் வழக்குத் தொடுக்க வேண்டும்.

உங்கள் மனையில் அவருக்கு என்ன இருக்கிறது

எல்லை தெரிந்த பிறகு மனையை ஒருமுறை சுற்றி நடந்து, பக்கத்து வீட்டிலிருந்து உங்கள் பக்கம் வருவன எல்லாவற்றையும் எழுதுங்கள்: ஜன்னல், தூம்பு வாய், ஓட்டு இறவாரம், ஒற்றையடித் தடம், சாக்கடைக் குழாய், பழைய சுவரின் சாய்மானம். இவற்றில் சில வெறும் பழக்கம். சில சட்டப்படி உரிமையாக முதிர்ந்தவை. வேறுபடுத்தும் அளவுகோல் வசதியுரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவில் இருக்கிறது. ஒளி, காற்று, மண் தாங்கல், பாதை, நீர்ப்போக்கு ஆகியவற்றில் ஒன்றை அமைதியாக, இடையூறின்றி, உரிமை என்ற நிலையில் 20 ஆண்டு அனுபவித்தவருக்கு அது வசதியுரிமை ஆகிறது. பாதை, நீர்ப்போக்கு போன்றவற்றுக்கு அந்த அனுபவம் ஒளிவுமறைவின்றியும் இருந்திருக்க வேண்டும். அந்த 20 ஆண்டும் வழக்குத் தொடுப்பதற்கு முந்தைய 2 ஆண்டுக்குள் முடிந்ததாக இருக்க வேண்டும் என்பதால், எப்போதோ நடந்து எப்போதோ விட்டுப்போன பாதைக்கு இது பொருந்தாது. வேறு வழியே இல்லாமல் உள்ளடங்கிக் கிடக்கும் மனைக்கு, ஒரே சொத்தாக இருந்து பாகம் பிரிந்த நிலத்தின் வழியே, தேவை கருதிய பாதை உரிமை 13-ஆம் பிரிவின்கீழ்த் தனியாக உண்டு. அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் வந்த மனைகளுக்கு இதை முதலில் பாருங்கள்.

வெளிச்சத்தைப் பற்றித்தான் தவறான நம்பிக்கைகள் மிகுதி. பக்கத்து வீட்டுக்கு 25 ஆண்டாக ஒரு ஜன்னல் இருக்கிறது என்பதாலேயே நீங்கள் உங்கள் மனையில் சுவர் எழுப்பக் கூடாது என்று ஆகிவிடாது. 33-ஆம் பிரிவின்படி, உங்கள் கட்டடத்தால் அவருடைய சொத்தின் பயன் மதிப்புக் கணிசமாகக் குறைந்தாலோ, வசிப்பவரின் வசதி பெருமளவு கெட்டாலோ, அங்கே நடந்துவந்த தொழில் முன்போல் நடக்க முடியாமல் போனாலோதான் இழப்பீடு கேட்க இடமுண்டு. முன்னைவிடக் கொஞ்சம் இருட்டாக இருக்கிறது என்பது போதாது. காலி மனைக்கு வரும் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் எத்தனை ஆண்டு ஆனாலும் இந்த வகையில் உரிமை பிறக்காது என்று 17-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால், ஒரே ஜன்னலை நம்பியிருக்கும் சமையலறைக்கு எதிரில் அரை அடி தள்ளிச் சுவர் வைப்பது வழக்கை வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதற்குச் சமம். அந்த அறைக்கு உள்ளே போய், பகல் பதினொரு மணிக்கு விளக்கு போடாமல் நின்று பாருங்கள். அதைவிட நல்ல அளவுகோலை நான் கண்டதில்லை.

நீங்கள் புதிதாக ஜன்னல் வைப்பதால் அவர்கள் வீட்டு முற்றம் தெரிகிறது என்ற புகாருக்கு, அந்த ஊரில் அப்படியொரு வழக்கம் நிலவுவதை நிரூபித்தால் மட்டுமே 18-ஆம் பிரிவு துணை நிற்கும். இருந்தாலும் ஜன்னல் அடிமட்டத்தை ஐந்தரை அடிக்கு உயர்த்துவதற்கு எந்தச் செலவும் இல்லை.

பாதையைப் பொறுத்தவரை இரு தரப்புக்கும் ஒரு எச்சரிக்கை. உங்கள் வழியை ஒருவர் மறித்தாலும், மறிப்பை நீங்களே ஆள் வைத்து அகற்றக் கூடாது என்று 36-ஆம் பிரிவு வெளிப்படையாகத் தடுக்கிறது. நியாயம் உங்கள் பக்கம் இருந்தும், வேலியைப் பிடுங்கிய இரவிலேயே நீங்கள் குற்ற வழக்கில் எதிரியாகிவிடக்கூடும்.

அனுமதி கிடைத்துவிட்டால் போதுமா?

2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரையிலான, முதல் தளத்துக்கு மேற்போகாத வீட்டுக்குச் சுயசான்றின் பேரில் உடனடி அனுமதி பெறும் முறை 2024 ஜூலை முதல் தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் முன்கூட்டி யாரும் வந்து பார்ப்பதில்லை என்பதால், பக்க இடைவெளியில் நேரும் பிழையை முதலில் காண்பவர் பக்கத்து வீட்டுக்காரராகத்தான் இருப்பார். கட்டட அனுமதி, திட்ட விதிகளின்படி நீங்கள் கட்டலாம் என்று மட்டுமே சொல்கிறது. நிலம் யாருடையது, அதில் யாருக்குப் பாதை உண்டு என்ற கேள்விகளை அது தீர்ப்பதில்லை. ஆகவே வரைபடத்தின் ஒரு நகலை நீங்களே பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோய், இடைவெளி எத்தனை அடி, சன்ஷேடு எதுவரை நீளும், மாடிப்படி எந்தப் பக்கம் என்று விரல் வைத்துக் காட்டிவிடுங்கள். மேஸ்திரியிடமும் அதே அளவைச் சொல்லுங்கள். “ரெண்டு அங்குலம்தானே சார், பூச்சில போயிடும்” என்ற உத்தரவாதத்தை நம்ப வேண்டாம்.

மண் தோண்டும்போது

மற்ற எல்லாத் தகராறையும்விட இதில்தான் நிஜமான ஆபத்து இருக்கிறது. இயற்கை நிலையில் உள்ள மண்ணுக்குப் பக்கத்து மண்ணின் தாங்கல் கிடைக்கும் உரிமை 7-ஆம் பிரிவிலேயே உண்டு. அந்த மண்ணின்மேல் வீடு ஏறிய பிறகு, வீட்டுப் பாரத்துக்கும் சேர்த்துத் தாங்கல் கேட்க 20 ஆண்டு கடந்திருக்க வேண்டும். நம் ஊர்களில் பழைய வீடுகளின் வயது அதைத் தாண்டியே இருக்கும். அவற்றின் அஸ்திவாரமோ பல நேரங்களில் மூன்றடி ஆழம்கூட இராது. அந்தச் சுவரை ஒட்டி நீங்கள் எட்டடிக்குச் சம்ப் தோண்டினால், தோண்டுவது உங்கள் மண்தான். நகர்வது அவருடைய வீடு.

செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். ஆழமான தொட்டிகளை முடிந்த மட்டும் எல்லைச் சுவரிலிருந்து விலக்கி, மனையின் நடுப்பக்கமாக வையுங்கள். அஸ்திவாரம் ஒட்டித்தான் வர வேண்டுமென்றால், முழு நீளத்தையும் ஒரே நாளில் ஜே.சி.பி. வைத்துத் திறக்காமல், நாலைந்து அடித் துண்டுகளாக ஒன்றுவிட்டு ஒன்று தோண்டி, ஒரு துண்டில் கான்கிரீட் போட்டு இறுகிய பிறகே அடுத்ததைத் திறக்கச் சொல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் குழியைத் திறந்து போடாதீர்கள். குழி திறந்திருக்கும் நாட்களில் பலகையும் முட்டும் கொடுங்கள். பழைய கட்டடமாக இருந்தால் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரின் கருத்தை எழுத்தில் வாங்குங்கள். அந்தக் கட்டணம் பெரிய தொகை அல்ல.

தோண்டுவதற்கு முன், பக்கத்து வீட்டுக்காரர் முன்னிலையில் அவர் வீட்டுச் சுவர்களைப் படம் எடுங்கள். ஏற்கெனவே இருக்கும் விரிசலின் குறுக்கே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைக் குழைத்து ஒரு பொட்டு வைத்து, அதன்மேல் பென்சிலால் தேதி எழுதுங்கள். விரிசல் அகன்றால் பொட்டு உடையும். அகலாவிட்டால் அது அப்படியே இருக்கும். இரண்டு தரப்புக்கும் பொதுவான சாட்சி அது. பழைய விரிசலுக்குப் புது வர்ணம் அடிக்கும் செலவு உங்கள் தலையில் விழாமலும், புது விரிசலை நீங்கள் பழையது என்று மறுக்காமலும் அந்தப் பொட்டு பார்த்துக்கொள்கிறது.

தண்ணீர், மரம், சத்தம்

மேட்டு நிலத்தில் விழும் மழைநீர் இயல்பாகப் பள்ளத்து நிலத்துக்கு ஓடுவதை, பள்ளத்தில் இருப்பவர் பொறுத்துக்கொள்ள வேண்டும். இதுவும் 7-ஆம் பிரிவில் உள்ளதே. ஆனால் மொட்டை மாடி நீர் முழுவதையும் ஒரே குழாயில் திரட்டி அடுத்தவர் சுவரடியில் கொட்டுவது இயல்பான ஓட்டம் அல்ல. தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால், குழாயை உங்கள் சேகரிப்புக் குழியில் இறக்கிவிட்டால் விதியும் நிறைவேறும், பக்கத்துச் சுவரும் ஊறாது. மனையை மண் கொட்டி மூன்றடி உயர்த்துகிறவர்கள், அந்த மண்ணின் ஈரமும் எடையும் பக்கத்துக் காம்பவுண்டு சுவரில் சாயும் என்பதை மறந்துவிடுகிறார்கள். தங்கள் செலவில் தனித் தாங்கு சுவர் கட்டிய பிறகே மண் கொட்ட வேண்டும்.

எல்லை தாண்டி வந்த கிளையை, தன் பக்கத்தில் நின்றபடி எல்லைவரை வெட்டிக்கொள்ளப் பக்கத்துக்காரருக்கு உரிமை உண்டு. ஏறி உள்ளே வந்து அடிமரத்தைத் தொட உரிமை இல்லை. வெட்டுவதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லுவது நாகரிகம். விழும் நிலையில் உள்ள தென்னையோ சுவரோ ஆபத்தாக நின்றால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவின்கீழ் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133) கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். குடியிருப்புப் பகுதியில் இரைச்சலின் வரம்பு பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல். ராத்திரி கான்கிரீட் கலவை ஓடும் வேலை இருந்தால், எந்த நாள் என்பதை முன்னதாகச் சொல்லி வையுங்கள்.

விட்டுக்கொடுப்பதை எழுத்தில் கொடுங்கள்

பக்கத்து வீட்டுப் பாட்டி குறுக்கு வழியாகக் கோயிலுக்குப் போகட்டும், வண்டியை உங்கள் காலி இடத்தில் நிறுத்திக்கொள்ளட்டும் என்று விட்டுவைப்பவர்கள், பிறகு அதுவே உரிமையாகிவிடுமோ என்று பயந்து ஒருநாள் முள்ளை வெட்டிப் போடுகிறார்கள். இந்தப் பயத்துக்கு அவசியமில்லை. அனுமதியின் பேரில் நடக்கும் அனுபவம் எத்தனை ஆண்டு ஓடினாலும் வசதியுரிமையாக முதிராது. அதுபோலவே அனுமதியின் பேரிலான இருப்பு, 12 ஆண்டு எதிரிடை அனுபவக் கணக்கிலும், அதாவது உரிமையாளரை மறுத்து அத்தனை ஆண்டு வெளிப்படையாக வைத்திருந்ததாகச் சொல்லி நிலத்தையே கோரும் கணக்கிலும், சேராது. அனுமதி இருந்ததற்குச் சான்றுதான் வேண்டும். ஒரு தாளில் இவ்வளவு எழுதினால் போதும்:

“என் மனையின் தெற்கு ஓரமாக மூன்றடி அகலத்தில் தாங்கள் நடந்து செல்ல என் சம்மதத்தின் பேரில் அனுமதிக்கிறேன். இது தற்காலிக அனுமதி. இதனால் பாதை பாத்தியம் எதுவும் ஏற்படாது என்பதை இருவரும் ஒப்புக்கொள்கிறோம்.” இருவர் கையெழுத்து, தேதி, சாட்சிகள் இருவர்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. அனுமதியை நம்பி அவர் உங்கள் இடத்தில் பணம் செலவழித்து நிரந்தரமான கட்டுமானம் எதையாவது செய்துவிட்டால், வசதியுரிமைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவின்படி அந்த அனுமதியை நீங்கள் திரும்பப் பெற முடியாது. எனவே நடக்க அனுமதிக்கலாம், படிக்கட்டுக் கட்ட அனுமதிக்க வேண்டாம்; கட்டத் தொடங்கினால் அன்றே எழுத்தில் மறுப்புச் சொல்லுங்கள். மாறாக, நிரந்தரமாகவே பாதை கொடுப்பதோ, ஆளுக்குப் பாதி நிலத்தில் பொதுச் சுவர் எழுப்புவதோ உங்கள் எண்ணமானால் வெள்ளைத்தாள் போதாது; அளவுகளோடு வரைபடம் இணைத்துப் பத்திரமாகப் பதிவு செய்யுங்கள்.

தகராறு வந்தே விட்டால்

பாதிக்கப்படுபவர் நீங்கள் என்றால் நாள் கடத்தாதீர்கள். கண்ணெதிரே கட்ட விட்டுவிட்டுப் பிறகு வருபவருக்கு, அவர் இசைந்திருந்தார் என்ற காரணத்தால் தடையாணை மறுக்கப்படலாம் என்று 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வுச் சட்டம் 41-ஆம் பிரிவில் சொல்கிறது. வானம் தோண்டும்போதே பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். வசைச் சொல் வேண்டாம், அளவுகள் மட்டும் இருக்கட்டும். ஒப்புதல் வரைபடத்தின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் உள்ளாட்சி அலுவலகத்தில் கேளுங்கள். பதில் தர அவர்களுக்கு 30 நாள் கெடு. இடைவெளி மீறல் தெரிந்தால், 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தின்கீழ் நடவடிக்கை கோரி மனு கொடுக்கலாம். உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போனால், இடைக்காலத் தடை மனுவோடு, இடத்தை நேரில் அளந்து அறிக்கை தர வழக்கறிஞர் ஆணையர் ஒருவரை நியமிக்கும் மனுவையும் அளவர் உதவியோடு சேர்த்தே போடச் சொல்லுங்கள். எல்லை வழக்குகளில் நூறு சாட்சிகள் சொல்வதைவிட அந்த அறிக்கையிலுள்ள ஒரு வரைபடம் அதிகம் பேசும்.

கட்டுபவர் நீங்கள் என்றால், உங்களைக் கேட்காமலே தடையாணை வந்துவிடும் என்று அஞ்சினால் கேவியட் மனு (என்னைக் கேட்காமல் உத்தரவிட வேண்டாம் என்று முன்கூட்டியே கொடுக்கும் மனு) தாக்கல் செய்து வையுங்கள். அது 90 நாள் உயிரோடு இருக்கும்.

இரண்டு தரப்புக்கும் நான் முதலில் பரிந்துரைப்பது வட்ட சட்டப்பணிகள் குழு. வழக்கே போடாமல் அங்கே மனு கொடுத்து மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேசலாம், கட்டணம் இல்லை, அங்கே பிறப்பிக்கப்படும் தீர்வு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமமானது. அதற்கு மேல்முறையீடும் இல்லை. அதனால்தான் கையெழுத்துப் போடுவதற்கு முன், சமரச வாசகத்தில் உள்ள ஒவ்வோர் அளவையும் எடுத்துக்கொண்டு இருவரும் ஒரே டேப்பின் இரு முனைகளைப் பிடித்தபடி மனையில் போய் அளந்து பார்க்க வேண்டும்: குழாய் எந்தத் தேதிக்குள் எத்தனை அடி நகர வேண்டும், சன்ஷேடு எத்தனை அங்குலம் வெட்டப்பட வேண்டும், வெட்டும் செலவு யாருடையது, சாரம் கட்ட அவர் பக்கத்தில் எத்தனை நாள் நிற்கலாம், உதிர்ந்த பூச்சை யார் பூசித் தருவது என்பது வரை அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.